ராக் பேண்ட்ல செல்லோ ஊளையிட்டதை எப்படி நிறுத்தினேன்

நான் கத்துக்கிட்டது கிளாசிக்கல் செல்லோ (வயலின் மாதிரியே ஆனா பெரிசு, உக்காந்து வில்லால வாசிக்கறது), இப்ப வாசிக்கறது ராக் பேண்ட்ல. டிரம்ஸும் கிட்டாரும் ஏறினதும் மைக்ல ஒரே ஊளை, அதாவது ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்ல ஏறி சுத்துற ஃபீட்பேக். சரின்னு மைக்க எடுத்துட்டு, தந்திகளைத் தாங்கற பிரிட்ஜ்ல பியெசோ பிக்கப் (அதிர்வை மின் சிக்னலா மாத்துற சின்ன சென்சார்) போட்டேன், ஊளை கொறஞ்சுது ஆனா சத்தம் தகர டப்பா மாதிரி மெலிஞ்சு போச்சு. காரணம் இம்பிடன்ஸ் (சிக்னலுக்கு சர்க்யூட் காட்டற மின்தடை) தான், பியெசோவ நேரா மிக்சர்ல சொருகினா பேஸ் காணாம போயிடும், நடுவுல குறைஞ்சது 1 மெகாஓம் இன்புட் உள்ள ப்ரீஆம்ப் (மிக்சருக்கு முன்னாடி சிக்னல தயார் பண்ற சின்ன ஆம்ப்) வேணும். அது வந்ததும் அடி ஸ்தாயி திரும்பி வந்துச்சு, கூடவே ஊளையும் கொஞ்சம்!

செல்லோவோட கீழ் தந்தியே 65 ஹெர்ட்ஸ் கிட்ட தான், அதனால 50-க்கு கீழ இருக்கறத ஹைபாஸ் (அடி ஒலிய மட்டும் தடுக்கற ஃபில்டர்) வச்சு வெட்டிட்டேன், இழக்க ஒண்ணும் இல்ல. அப்பவும் கத்துற சுரத்தை மட்டும் நாட்ச் ஃபில்டர்ல (குறுகின ஒரு இடத்த மட்டும் குறைக்கறது) அமுக்கினேன். சிக்னல் அலைய தலைகீழா புரட்டற ஃபேஸ் பட்டனையும் மாத்தி பாருங்க, சில மேடைல அதுவே போதும். செல்லோ தரைல ஊணி நிக்கற கம்பியான எண்ட்பின் வழியாவும் அதிர்வு ஏறும், அடியில ரப்பர் வைங்க. செல்லோ முன்பலகைல இருக்கற f வடிவ ஓட்டைய ஃபோம் வச்சு அடைக்கலாம், பார்க்க தான் அசிங்கமா இருக்கும்.

டிஸ்டார்ஷன் (ராக் கிட்டார் மாதிரி கரகரன்னு உடையற சத்தம்) வேணும்னா சிக்னல ரெண்டா பிரிச்சு, ஒண்ணுல மட்டும் அதைப் போட்டு, எதுவும் போடாத கிளீனையும் சேர்த்து கலந்து விடுங்க, இல்லன்னா வில்லு உராயற சத்தம் தான் முன்னாடி நிக்கும்.