செப்சிஸ்: எண் சரியானால் ஆள் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள்

தொற்றுக்கு எதிரான உடலின் எதிர்வினையே கட்டுமீறி உறுப்புகளைத் தாக்குவது செப்சிஸ்; அதில் ரத்த அழுத்தம் சரிந்துபோவது செப்டிக் ஷாக். அப்போது ரத்தக் குழாயை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓடத் தொடங்கி, சராசரி ரத்த அழுத்தம் 65-ஐத் தொட்டதும் ஐ.சி.யூ.வில் எல்லோருக்கும் மூச்சு வருகிறது. பலர் சறுக்குவது அங்கேதான். அந்த 65 பெரிய தமனியின் கணக்கு. செல்லுக்கு ஆக்சிஜன் கொடுப்பது 20 மைக்ரோமீட்டருக்கும் குறுகலான நுண்குழாய்கள். மேலாற்றில் தண்ணீர் போவதை வைத்துக் கடைமடை வயல் நனைந்ததா என்று சொல்ல முடியாது.

நுண்குழாயின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் கிளைகோகேலிக்ஸ் என்ற மெல்லிய படலத்தைக் கடுமையான செப்சிஸ் உரித்துவிடும். வெறுமையான சுவரில் வெள்ளணுக்கள் ஒட்டும், நுண்ணிய ரத்தக்கட்டிகள் உருவாகும், நீர் திசுவுக்குள் கசியும். வளைந்து நெளிந்து போகவேண்டிய சிவப்பணுக்களும் விறைத்துப்போகும். விளைவாக ஒரு தந்துகியில் ரத்தம் பாயும், அதை ஒட்டிய தந்துகியில் தேங்கி நிற்கும். பாய்கிற வழியாகவே போய்த் திரும்புவதால் சிரை ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 70 சதவீதத்துக்கு மேல் இருக்கலாம். அதைக் கண்டு நிம்மதியடைவது தவறு. ஆக்சிஜன் செலவாகாமல் திரும்பி வந்ததாகவும் அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

அழுத்தத்தை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கசப்பான ஆதாரம் உண்டு. குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து ஒன்றை 797 பேரிடம் சோதித்தார்கள்; முடிவு 2004-இல் வெளியானது. அழுத்தம் அழகாக ஏறியது. ஆனால் 28 நாளில் மருந்து பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 49 சதவீதம். சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

கையருகே இருக்கும் சோதனையை விட்டுவிடுவது அடுத்த தவறு. ஆள்காட்டி விரல் நுனியின் உட்பக்கத்தைக் கண்ணாடி ஸ்லைடால் வெளிறும்வரை அழுத்தி, 10 விநாடி அப்படியே வைத்திருந்து, பிறகு எடுத்துவிடுங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் நுண்சுற்றோட்டம் சரியில்லை. அவசரத்தில் 2 விநாடி அழுத்திவிட்டு ‘நார்மல்’ என்று எழுதினால் அந்தக் குறிப்புக்கு மதிப்பில்லை; அறை குளிராக இருந்தாலும் நேரம் கூடும். முழங்காலில் வலைபோலத் தெரியும் திட்டுகளும் நல்ல அடையாளம்தான். ஆனால் நம்மைப் போன்ற கருத்த தோலில் அவை எளிதில் கண்ணில் படாது, விரலே நம்பகம்.

லாக்டேட் (ஆக்சிஜன் பற்றாக்குறையின் அடையாளமாகப் பார்க்கப்படும் ரத்தப் பொருள்) கூடினால் இன்னொரு பாட்டில் சலைன் என்ற பழக்கமும் விடவேண்டியது. தொடக்கத்தில் முதல் 3 மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 30 மி.லி. என்பது வழிகாட்டுதல், அதாவது 60 கிலோ எடைக்கு 1.8 லிட்டர். அதன்பின் ஒவ்வொரு பாட்டிலுக்கும் காரணம் வேண்டும். அட்ரினலின் தூண்டுதலே தசையில் லாக்டேட்டைப் பெருக்கும். கல்லீரல் அதைக் கழிக்கத் தாமதிக்கும். கசியும் குழாயில் ஊற்றிய நீர் நுரையீரலில் தேங்கி, திசு வீங்கி, நுண்குழாயை வெளியிலிருந்து நெரிக்கும்.

ஹார்மோன் பக்கம் வந்தால், அட்ரினல் சுரப்பி தரும் இயற்கை ஸ்டீராய்டான கார்டிசாலின் அளவைப் பார்த்து ஸ்டீராய்டு முடிவு எடுப்பதுதான் பெரிய தவறு. கார்டிசாலைச் சுமக்கும் புரதம் செப்சிஸில் குறைந்துவிடுவதால் மொத்த அளவு ஏமாற்றும். கார்டிசால் உடைவதும் மெதுவாகிறது. அளவு கூடியிருந்தாலும் செல் அதற்குச் செவிசாய்க்காமல் போகலாம். அதனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். நார்அட்ரினலின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மைக்ரோகிராம் அளவில் 4 மணி நேரத்துக்கு மேல் தேவைப்பட்டால், ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு நாளைக்கு 200 மி.கி., 6 மணிக்கொரு முறை 50 மி.கி. என்பதே 2021 வழிகாட்டுதல். ஷாக் இல்லாத செப்சிஸுக்கு இது பொருந்தாது. சுவாசத்துக்கு டியூப் போடும்போது எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கொடுத்திருந்தால் அதைக் குறித்து வையுங்கள்: ஒரே டோஸ்கூட அட்ரினல் சுரப்பியின் கார்டிசால் உற்பத்தியை ஒரு நாள் அளவுக்கு அடக்கும்.

வீட்டாருக்கு ஒன்று. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ பல மாதமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்தால் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். அவருடைய அட்ரினல் ஏற்கெனவே உறங்கிக் கிடக்கும். மருத்துவமனையில் முதலில் சொல்லவேண்டிய செய்தி அது.

ரத்தக் குழாயை இறுக்கும் இன்னொரு ஹார்மோனான வாசோபிரசின் ஷாக்கின் தொடக்கத்தில் பொங்கிப் பிறகு வற்றிப்போகும். அந்தக் குறையை ஈடுகட்ட நிமிடத்துக்கு 0.03 யூனிட் போதும். நார்அட்ரினலினைப் போல ஏற்றிக்கொண்டே போனால் விரல்களுக்கும் குடலுக்கும் ரத்தம் அறும்.

சர்க்கரையில் நுண்குழாய், ஹார்மோன் என்ற இரண்டு பக்கப் பிழைகளும் சந்திக்கின்றன. மன அழுத்த ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றுவது உண்மை. அதற்காக 81–108-க்குள் இறுக்கிப் பிடித்ததில் இறப்பு 27.5 சதவீதம், 180-க்குள் தளர்வாக விட்டதில் 24.9 என்று 2009-இல் ஆறாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற நைஸ்-சுகர் ஆய்வு காட்டியது. 180-ஐத் தொட்டால் இன்சுலின் தொடங்கி, 144–180-க்குள் வைத்தால் போதும். குளிர்ந்த விரலைக் குத்தி எடுத்த துளியை நம்பி டோஸை மாற்றாதீர்கள். ரத்தம் தேங்கிய நுண்குழாயிலிருந்து வரும் துளி அது. தமனியில் குழாய் (தமனி லைன்) போட்டிருந்தால் அதிலிருந்து எடுங்கள்.

செயல்படும் தைராய்டு ஹார்மோனான டி3 குறைந்திருப்பதைப் பார்த்துத் தைராய்டு மாத்திரை தொடங்குவதும் அடிக்கடி நடக்கிறது. கடும் நோயில் உடலே டி3-யின் மூலப்பொருளான டி4-ஐச் செயலற்ற வடிவத்துக்குத் திருப்பிவிடுகிறது, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பெரும்பாலும் இயல்பாகவோ சற்றுக் குறைந்தோ இருக்கும். ஏற்கெனவே தைராய்டு நோயாளியாக இருந்தால் அவருடைய மாத்திரையைத் தொடருங்கள். மற்றவர்களுக்குத் தேறி ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.