முற்றத்து மழைநீரிலிருந்து மாநில வரைபடம் வரை: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டைக் காட்டும் வழி

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டின் வரலாற்றையும் புவியியலையும் சொல்லித்தர முற்படும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் பெரும்பாலும் சுவரில் தொங்கும் வரைபடத்திலிருந்தே தொடங்குகிறார்கள். 38 மாவட்டங்களின் பெயர்களையும் தடையின்றி ஒப்பிக்கும் பிள்ளைக்குத் தன் பள்ளி முற்றத்தில் பெய்யும் மழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரியாமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் வரைபடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, தண்ணீரிலிருந்து தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. இந்தப் பாடத்தைத் தொடங்க ஐப்பசி, கார்த்திகையை விடப் பொருத்தமான காலம் இல்லை. மழை விட்டதும் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, ஓடும் நீரில் ஆளுக்கொரு இலையைப் போடச் சொல்லுங்கள். இலை எந்தத் திசையில் போகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வாய்க்காலில் இறங்குகிறது என்பதை அம்புக்குறியிட்டு நோட்டில் வரையட்டும். பிறகு "அங்கிருந்து எங்கே போகும்?" என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். கோயம்புத்தூர்ப் பிள்ளையின் மழைத்துளி நொய்யலில் சேர்ந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர் கொண்ட ஊரருகே காவிரியில் கலந்து, முக்கொம்பையும் கல்லணையையும் கடந்து பூம்புகாருக்குப் போகக்கூடும். மதுரைப் பிள்ளையின் வைகை பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். சென்னைப் பிள்ளைக்குக் கூவமோ அடையாறோ விடையாக வரும். ஒவ்வோர் ஊருக்கும் விடை மாறுவதால், எந்தப் பாடநூலும் இதை உங்களுக்காக எழுதித் தர முடியாது.

அடுத்த வாரம், மைதானத்தின் ஒரு மூலையில் ஈர மண்ணைக் குழைத்து மாநிலத்தின் மேடுபள்ளத்தைச் செய்யுங்கள். மேற்கே உயரமான மலைத்தொடர், அதில் பாலக்காட்டுக் கணவாய்க்கு ஓர் இடைவெளி, நடுவே சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை போன்ற தனித்தனிக் குன்றுகள், கிழக்கே தாழ்ந்த சமவெளி. மேற்கு மலையின் கிழக்குச் சரிவில் ஒரு சொம்பு நீரை ஊற்றினால் போதும். நம் ஆறுகள் ஏன் கிழக்கு நோக்கி ஓடுகின்றன என்பதைப் பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

இனி ஊர் ஏரிக்குப் போகலாம். வட மாவட்டங்களில் ஏரி என்பதையே மதுரை, சிவகங்கைப் பக்கம் கண்மாய் என்றும் நெல்லைச் சீமையில் குளம் என்றும் சொல்வதைப் போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். நிறைந்திருக்கும் நாட்களைத் தவிர்த்து, தை, மாசியில் நீர் வடிந்த பிறகு, ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் அழைத்துச் செல்வது பாதுகாப்பு. கரையின் நீளத்தைக் காலடியால் அளக்கச் சொல்லுங்கள். நீரை வயலுக்குத் திறந்துவிடும் மடைக்கு முன் நிறுத்தி, அதன் கல்லைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். பல தலைமுறை நீர் உரசிச் சென்ற விளிம்பின் வழவழப்பை விரல் உடனே உணரும். அடுத்து கலிங்கு. அது கரையை விடத் தாழ்வாகக் கட்டப்பட்டிருப்பது ஏன் என்று கேட்டால், முதலில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அவசரப்பட்டு விளக்கிவிடாதீர்கள். சற்று நேரம் பொறுத்தால், கரை உடையாமல் இருக்க மிகுந்த நீர் அதன் வழியே வெளியேற வேண்டும் என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். ஏரி நீரை வயல்களுக்கு முறை வைத்துத் திறந்துவிடும், நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று அந்தந்த வட்டாரத்தில் அழைக்கப்படும் பெரியவர் ஒருவர் கிடைத்தால், ஏரி கடைசியாக எந்த ஆண்டு நிரம்பி மறுகால் பாய்ந்தது, எந்த வயலுக்கு முதலில் நீர் விடப்படும் என்பதை அவரிடம் பிள்ளைகளே கேட்கட்டும். அதற்கான கேள்விகளை முதல் நாளே எழுதி வைத்திருப்பது நல்லது.

பழைய கோயில் அருகில் இருந்தால், அதன் அதிட்டானத்தில், அதாவது சுவரைத் தாங்கும் அடிப்பீடத்தில், வெட்டியிருக்கும் கல்வெட்டைக் காட்டுங்கள். சோழர் காலத் தமிழ் எழுத்தில் ட, ப போன்ற சில எழுத்துகளைப் பிள்ளைகளால் அடையாளம் காண முடியும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இல்லை என்பதைச் சொன்னால் அவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆனால் கல்லின் மீது சுண்ணக்கட்டி, எண்ணெய், மாவு எதையும் தடவ விடாதீர்கள். படியெடுப்பது எப்படி என்பதை வகுப்பறையில் ஒரு நாணயத்தின் மேல் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துக் காட்டினால் போதும்.

காலத்தைப் புரியவைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு" என்பதும் "தாத்தா காலத்தில்" என்பதும் எட்டு வயதில் ஒன்றுபோலவே ஒலிக்கும். இதற்கு நான் நம்புவது ஒரு கயிற்றை. 26 அடி நீளமுள்ள கயிற்றை எடுத்து, ஓர் அடிக்கு 100 ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை இன்றைய நாள். எட்டு வயதுப் பிள்ளையின் முழு வாழ்வும் அதில் ஓர் அங்குலம்தான். அந்த இடத்தில் சிவப்பு நூலைக் கட்டச் சொல்லுங்கள். ஏறத்தாழ ஏழு, எட்டு அங்குலத்தில் பாட்டி பிறந்திருப்பார். பதினோராவது அங்குலத்தில், 1934இல், மேட்டூர் அணை. பத்து அடி நடந்தால் 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில். பதின்மூன்று, பதினான்கு அடியில் மாமல்லபுரத்துக் கற்கோயில்கள். கயிற்றின் மறுமுனையில், கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்லும் கீழடி. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் "ஆதன்" என்பது போன்ற ஆட்பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். தங்கள் தட்டிலும் தண்ணீர்ப் பாட்டிலிலும் பெயர் எழுதி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கயிற்றில் பதினோரு அடியில் இருப்பது உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊராட்சி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. வகுப்புத் தலைவரை இதே முறையில் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். நிலம் இல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது நியாயமா என்ற பேச்சைப் பிள்ளைகளே தொடங்குவார்கள்.

ஊர்ப்பெயர்களைச் சேகரிப்பது தனியாக நேரம் ஒதுக்காமலே நடக்கும் வேலை. பேருந்துப் பலகைகளைப் பார்த்து பட்டினம், பாளையம், குடி, பாக்கம், மங்கலம் என்று முடியும் ஊர்களைத் தனித்தனிப் பக்கத்தில் எழுதட்டும். நாகப்பட்டினம், காயல்பட்டினம், அதிராம்பட்டினம் மூன்றும் கடலோரத்தில் இருப்பது பின்னால் வரைபடத்தில் அவர்கள் கண்ணில் படும். பெயருக்குக் காரணம் தெரியாத இடத்தில் கதை புனைந்து சொல்லாதீர்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு வரைபடத்தை விரிக்கலாம். அப்போது எல்லைக்கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மலையைப் போல எப்போதும் இருந்தது என்றே பிள்ளைகள் எண்ணுகிறார்கள். 1956 நவம்பர் 1 அன்றுதான் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாக நம்முடன் இணைந்தன. செங்கோட்டையும் அன்றே வந்தது. திருத்தணி 1960இல் வந்தது. தமிழ்நாடு என்ற பெயர் வேண்டி விருதுநகரில் உண்ணாநோன்பு இருந்த சங்கரலிங்கனார் 76 நாட்களுக்குப் பின் 1956 அக்டோபரில் உயிர்நீத்தார். 1969 ஜனவரி 14 அன்று அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. இந்த ஆண்டுகளையும் கயிற்றில் பாட்டியின் நூலுக்குப் பக்கத்தில் கட்டச் சொல்லுங்கள்.

வரைபடத்தில் முதல் புள்ளி சென்னையாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் நடந்து அளந்த ஏரியை முதலில் குறித்து, அங்கிருந்து நீர் செல்லும் வழியைக் கடல் வரை நீலப் பென்சிலால் இழுத்து, வழியில் வரும் ஊர்களைத் தங்கள் கையெழுத்தில் எழுதட்டும். மாவட்ட எல்லைகளை அதன் மேல் பிறகு வரைந்துகொள்ளலாம்.