படகுக்கும் ஜீப்புக்கும் ஸ்பீக்கர் வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருந்தாலே போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அந்தச் சொல்லுக்கு அளவு கிடையாது. தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சோதித்துத் தரும் ஐபி எண்ணுக்கு உண்டு. ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் பீய்ச்சியடிக்கும் தண்ணீரையும் அது தாங்கும் என்று அர்த்தமில்லை. அதற்கான சோதனை ஐபிஎக்ஸ்6. நிமிடத்துக்கு 100 லிட்டர் வேகத்தில் அடித்துப் பார்ப்பார்கள். அலை மோதும் படகுக்கும் ஹோஸ் போட்டுக் கழுவும் ஜீப்புக்கும் இதுதான் முக்கியம். 'எக்ஸ்' நிற்பது தூசிக்கான இடம். அந்தச் சோதனைக்கு எண் தரவில்லை என்று பொருள். மண் ரோட்டில் ஓடும் வண்டியென்றால் அங்கே 5 அல்லது 6 இருக்க வேண்டும்.

சில ஸ்பீக்கர்களில் அந்த எண் முன்முகத்துக்கு மட்டும்தான். பின்னால் காந்தமும் வயர் மாட்டும் டெர்மினலும் திறந்தே கிடக்கும். மேனுவலில் இதைத் தேடிப் படியுங்கள்.

ஐபி சோதனையில் உப்பும் வெயிலும் கிடையாது. அதனால் உப்புத்தெளிப்பு, புற ஊதாக் கதிர் சோதனைகள் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காசை மிச்சம்பிடிக்க கார் ஸ்பீக்கரை மாட்டினால் அதிர்ந்து சத்தம் எழுப்பும் காகிதக் கோன் ஊறித் தொய்யும், ஃபோம் விளிம்பு பொடிந்து உதிரும். பாலிப்ரொப்பிலீன் கோன், ரப்பர் விளிம்பு, உப்புநீரில் எளிதில் துருப்பிடிக்காத 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகு வேண்டும்.

ஸ்பீக்கர் நல்லதாக இருந்தும் சத்தம் கரகரத்தால் வயரை உரித்துப் பாருங்கள். முனையில் புகுந்த ஈரம் உறைக்குள்ளேயே ஏறி, செம்பு கறுத்துப்போயிருக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு வயரும், சூடாக்கினால் சுருங்கி இறுகும், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங் குழாயும் போடுங்கள். டெர்மினலுக்கு முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், வழிந்துவரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

பெரிதாக அச்சடித்த, ஒரு கணம் மட்டும் தாங்கும் 'பீக்' வாட் வெறும் அலங்காரம். தொடர்ந்து தாங்கும் ஆர்எம்எஸ் வாட்டைப் பாருங்கள், கூடவே சென்சிடிவிட்டியையும், அதாவது ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்பதையும். 90 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டில் தரும் சத்தத்துக்கு 87 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட் கேட்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் போய்விடும் என்பதால் இந்த 3 டெசிபல் சாதாரணமல்ல. ஒரே சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பேரலலாக இணைத்தால் மின்தடை 2 ஓமாகக் குறைந்து, ஆம்ப்ளிஃபையர் அதிக மின்னோட்டம் தர வேண்டியிருக்கும். ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்குமா?

துளை போடும் முன் பின்னால் ஆழம் போதுமா என்று அளந்துவிடுங்கள். படகில் திசைகாட்டி இருந்தால், ஸ்பீக்கரை அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு அதன் காந்தத்தால் முள் நகர்கிறதா பாருங்கள். நகர்ந்தால் வேறு இடம்தான்.