பெருங்குடல் புற்றுநோய் ஸ்கிரீனிங்: மோஷன் டெஸ்ட் முதல் கொலோனோஸ்கோபி வரை, முதல் தடவை போகிறவர்களுக்கு

இரண்டு சுற்றில் முடிய வேண்டிய வேலை எனக்கு நான்கு சுற்று ஆனது. மோஷன் சாம்பிள் ஒரு தடவை திரும்பி வந்தது. கொலோனோஸ்கோபியையும் (கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) இரண்டாவது தடவை செய்ய வேண்டியதாயிற்று. இரண்டிலும் தப்பு என்னுடையதுதான். கையில் கொடுத்த தாள்களில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. ஆனால் எந்த வரி முக்கியம், எதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று அதில் இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஸ்கிரீனிங் என்பது உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. மலத்தில் ரத்தம் தெரிகிறது, வாரக்கணக்கில் மலம் போகும் பழக்கம் மாறியிருக்கிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, ரத்தசோகை என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால் இந்தப் பதிவை மூடிவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

யார், எப்போது

பல நாடுகளில் 50 வயதில் தொடங்குகிறார்கள். அமெரிக்காவில் 2021இல் அதை 45 ஆகக் குறைத்தார்கள். பொதுவாக 75 வயது வரை செய்யச் சொல்வார்கள். அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் இவர்களில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் கணக்கே வேறு: 40 வயது, அல்லது அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், இதில் எது முந்தியதோ அப்போதே தொடங்க வேண்டும். அவர்கள் மோஷன் டெஸ்டோடு நிற்காமல் பெரும்பாலும் நேரே கொலோனோஸ்கோபிக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

நன்றாக இருக்கிறவன் எதற்குப் போக வேண்டும் என்று நானும் கேட்டேன். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் என்ற சின்னச் சதைமொட்டிலிருந்து வருகிறது. மொட்டு புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் போல ஆகும். எல்லா மொட்டும் மாறுவதில்லை. மாறுவதற்குள் கண்ணில் பட்டால் அப்போதே நறுக்கி எடுத்துவிடலாம். நோயைக் கண்டுபிடிக்கிற பரிசோதனைகள் நிறைய உண்டு. நோய் வருவதையே தடுக்கிற பரிசோதனைகள் குறைவு, இது அதில் ஒன்று.

முதல் படி: மோஷன் டெஸ்ட்

இப்போது பெரும்பாலும் செய்வது ஃபிட் என்ற பரிசோதனை. கண்ணுக்குத் தெரியாத அளவு மனித ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். பழைய முறையில் மூன்று நாள் சாம்பிள் கொடுக்க வேண்டும், இறைச்சி கூடாது, வைட்டமின் சி கூடாது என்று பத்தியம் வேறு. ஃபிட்டுக்கு அதெல்லாம் கிடையாது. அது மனித ரத்தத்தின் புரதத்தை மட்டும்தான் அடையாளம் காணும். பெரும்பாலும் ஒரே சாம்பிள் போதும். வருடத்துக்கு ஒன்று, அல்லது இரண்டு வருடத்துக்கு ஒன்று.

ஒரு சின்ன டியூப் தருவார்கள். மூடியைத் திருகி எடுத்தால் அதோடு ஒரு குச்சி வரும். குச்சியின் நுனியில் வரி வரியாகப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் நிரம்பினால் போதும். நான் நிறைய இருந்தால்தானே நன்றாகத் தெரியும் என்று அள்ளிப் போட்டுவிட்டேன். உள்ளே இருக்கும் திரவத்துக்கும் சாம்பிளுக்கும் ஒரு அளவு உண்டு, அது கெட்டால் முடிவும் கெட்டது. போதாததற்குத் தேதி எழுதவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். மலத்தின் மேல்பரப்பில் நாலைந்து இடத்தில் குச்சியை இழுத்து, மறுபடி டியூபுக்குள் சொருகி, டக்கென்று சத்தம் கேட்கும்வரை மூடுங்கள். பிறகு திறக்கவே கூடாது.

மலம் கழிப்பறைத் தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். அதுதான் வித்தை. சிலர் கழிப்பறைக்குக் குறுக்கே தாளை விரிக்கிறார்கள், சிலர் கவரைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். தாள் நனைந்து கிழிந்த அனுபவம் எனக்கு இருக்கிறது, அதைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை. தூக்கிப் போடக்கூடிய அகலமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஈடு இணை இல்லை. சிறுநீரை முதலில் தனியாகக் கழித்துவிடுங்கள்.

எடுத்ததும் தேதி. உடனே, அங்கேயே, பேனாவைக் கழிப்பறைக்குள் கொண்டுபோய்விட்டுத்தான் உட்கார வேண்டும் என்பேன். அப்புறம் சீக்கிரம் லேபில் சேர்த்துவிடுங்கள். சூட்டில் கிடந்தால் ரத்தத்தின் புரதம் சிதைந்து, இருக்கிற ரத்தமே இல்லை என்று வந்துவிடும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைக்காதீர்கள்.

(பின்சேர்க்கை: ஒரு வாசகி கேட்டிருந்தார். மாதவிடாய் நாட்களில் எடுக்கக் கூடாது. மூலத்தில் ரத்தம் கசிகிற நாட்களிலும், சிறுநீரில் ரத்தம் இருக்கும்போதும் வேண்டாம். நின்றதும் எடுங்கள்.)

பாசிட்டிவ் வந்தால்

எனக்கு இரண்டாவது சாம்பிளில் பாசிட்டிவ் வந்தது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ரத்தம் இருக்கிறது, எங்கிருந்து என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மூலமாக இருக்கலாம், பாலிப்பாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருப்பதில்லை.

அடுத்த நாள் எனக்கு வந்த யோசனை, இன்னொரு ஃபிட் எடுத்துப் பார்க்கலாமே என்பது. செய்யாதீர்கள். பாலிப் தினமும் ரத்தம் கசியாது. இன்று கசியவில்லை என்பதால் நேற்று வந்தது பொய் ஆகிவிடாது. பாசிட்டிவுக்கு அடுத்தது கொலோனோஸ்கோபிதான். அதையும் மாதக்கணக்கில் தள்ளக் கூடாது. சிடி ஸ்கேனில் குடலைப் பார்க்கிற முறையும் உண்டு. ஆனால் அதற்கும் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும், ஏதாவது தெரிந்தால் கடைசியில் கொலோனோஸ்கோபிக்கே வர வேண்டும். என் ஓட்டு அதற்கு இல்லை.

குடல் சுத்தம்: நான் கோட்டைவிட்ட இடம்

கொலோனோஸ்கோபி என்றதும் எல்லோரும் குழாயைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். குழாய் ஒன்றும் இல்லை. குடலைக் கழுவ முந்தின நாள் குடிக்கிற பேதி மருந்துதான் பரீட்சை.

ஒரு வாரம் முன்பே மாத்திரைகளைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஐந்தாறு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது குடலைக் கறுப்பாக்கி மறைத்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து, சர்க்கரை நோய் மருந்து, இன்சுலின், எடை குறைக்கும் ஊசி ஆகியவற்றை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். சிறுநீரகத்திலோ இதயத்திலோ பிரச்சினை இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள், பேதி மருந்தையே வேறாகத் தேர்ந்தெடுப்பார்கள்.

இரண்டு மூன்று நாள் முன்பிருந்து விதை, கொட்டை, தோல், கீரை, முழுத்தானியம் எல்லாம் நிறுத்தம். உடம்புக்கு நல்லது என்று சாப்பிடுகிற எல்லாவற்றுக்கும் இங்கே தடை. குறிப்பாக விதை. கருவியின் உறிஞ்சு துளையையே அடைத்துவிடுமாம். முந்தின நாள் ஊடே பார்த்தால் மறுபக்கம் தெரிகிற திரவம் மட்டும்தான். சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் வேண்டாம், உள்ளே ரத்தம் போலத் தெரியும்.

இப்போது மருந்து. தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். எனக்குக் கொடுத்தது பாலிஎத்திலீன் கிளைக்கால் வகை. அளவு மருந்துக்கு மருந்து வேறுபடும், சிலதில் இரண்டு லிட்டர், சிலதில் நான்கு. இரண்டு பாகமாகக் குடிக்க வேண்டும்: ஒரு பாதி முந்தின நாள் மாலை, மறுபாதி பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பு. காலை எட்டு மணிக்குப் பரிசோதனை என்றால் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து குடிக்க வேண்டும்.

நான் எழவில்லை. முதல் பாதியிலேயே பத்துப் பதினைந்து தடவை போய்வந்து சோர்ந்திருந்தேன். இனி உள்ளே என்ன இருக்கப் போகிறது என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். ஐந்தரை மணிக்கு விழித்து அவசரமாக ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனேன்.

என்ன ஆனது தெரியுமா? பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். மாலையில் சுத்தமான குடலுக்குள் ராத்திரி முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தநீர் கலந்த திரவம் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். அது முதலில் தேங்குவது வலது பக்கம். தட்டையாக, சுவரோடு சுவராகப் படர்ந்து கிடக்கும் பாலிப்களும் அந்தப் பக்கம்தான் அதிகம். இரண்டாவது பாதி மருந்து கழுவுவது முக்கியமாக அந்த இடத்தை. எனக்கு இடது பக்கம் பளிச்சென்று இருந்ததாம், வலது பக்கம் சேறு. மறுபடி வாருங்கள் என்றார்கள்.

ரிப்போர்ட்டில் பாஸ்டன் அளவுகோல் என்று ஒரு மதிப்பெண் போட்டிருப்பார்கள். குடலை மூன்று பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 9. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 2 வேண்டும். எனக்கு வலது பக்கம் 1. அதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நான் கழுவிக்கொடுத்ததைத்தான் அவரால் பார்க்க முடியும்.

இரண்டாவது தடவை இரண்டு அலாரம் வைத்தேன், ஒன்று எழுந்து போனால்தான் எட்டும் தூரத்தில். மருந்தை நன்றாகக் குளிர வைத்து, உறிஞ்சுகுழாயை நாக்கின் பின்பக்கம் வைத்துக் குடித்தால் ருசி பாதிதான் தெரியும். கால் மணிக்கு ஒரு டம்ளர். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடரலாம். இடையிடையே எலுமிச்சைத் துண்டை நக்கிக்கொள்ளலாம். ஆசனவாயைச் சுற்றி முதலிலேயே பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிடுங்கள், எரிந்த பிறகு தடவிப் பயனில்லை. தாள் வேண்டாம், தண்ணீர்தான். கடைசியில் போவது சிறுநீர் போல மஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். இன்னும் பழுப்பாக, கலங்கலாக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே போன் செய்து சொல்லுங்கள்.

பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் உட்பட எல்லாம் நிறுத்த வேண்டும். சில இடங்களில் அதைவிட முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

அன்றைய தினம்

பின்பக்கம் திறந்த அங்கி, கையில் ஊசி, இடது பக்கமாகச் சாய்ந்து முழங்காலை மடக்கிப் படுக்கை. மயக்க மருந்து ஏறியதும் என் நினைவில் இருப்பது யாரோ ஆழமாக மூச்சு விடச் சொன்னது மட்டும். முழு மயக்கம் கொடுக்கலாம், அரைத்தூக்கம் போலவும் கொடுக்கலாம், மருந்தே இல்லாமல் செய்துகொள்கிறவர்களும் உண்டு. காற்றோ கரியமில வாயுவோ செலுத்திக் குடலை விரிப்பார்கள், அதனால் வயிறு உப்பும். பொதுவாக 20 முதல் 45 நிமிடம்.

குழாயை முதலில் பெருங்குடல் தொடங்குகிற முனை வரை கொண்டுபோய்விட்டு, வெளியே இழுத்து வரும்போதுதான் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். அப்படி இழுப்பதற்குக் குறைந்தது ஆறு நிமிடம் எடுக்க வேண்டும் என்பது நெடுநாள் கணக்கு, அமெரிக்காவில் 2024இல் அதை எட்டாக உயர்த்தினார்கள். பாலிப் தெரிந்தால் கம்பிச் சுருக்கு மாட்டி அங்கேயே வெட்டி எடுத்துவிடுவார்கள். குடலின் உட்தோலுக்கு வெட்டும் வலி தெரியாது.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு, அரிது. குடலில் துளை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு. பாலிப் எடுத்தவர்களுக்கு ரத்தக்கசிவு வரலாம், சில நாள் கழித்துக்கூட. விடாத வயிற்று வலி, காய்ச்சல், நிறைய ரத்தம் என்றால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். தெளிந்துவிட்டது போல இருக்கும், தெளிந்திருக்காது. நான் மருத்துவரிடம் அரை மணி நேரம் சந்தேகம் கேட்டேனாம், அதில் ஒரு வார்த்தையும் நினைவில்லை. அவர் சொல்வதைக் கூட வந்தவர் எழுதிக்கொள்ளட்டும். ஒரு நாளுக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் காற்றை அடக்காதீர்கள், நடந்தால் சீக்கிரம் போய்விடும்.

ரிப்போர்ட்

எனக்கு இரண்டு பாலிப், 4 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர். இரண்டாவது வலது பக்கம் இருந்தது, முதல் தடவை சேறு மூடிக் கிடந்த அதே இடத்தில். திசுப் பரிசோதனை முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது: அடினோமா (பின்னால் புற்றாக மாறக்கூடிய வகைப் பாலிப்), புற்று இல்லை. இப்படிச் சின்னதாக ஒன்றிரண்டு என்றால் ஏழு முதல் பத்து வருடம் கழித்து வரச் சொல்வது அமெரிக்க வழிகாட்டல், வேறு நாடுகளில் கணக்கு மாறும். பெரிதாகவோ எண்ணிக்கை அதிகமாகவோ இருந்தால் மூன்று வருடத்தில் வரச் சொல்வார்கள். ஒன்றுமே இல்லையென்றால் பத்து வருடம் கவலையில்லை, நடுவில் ஃபிட்டும் தேவையில்லை. நடுவில் அறிகுறி வந்தால் மட்டும் அது வேறு கதை.

(இன்னொரு பின்சேர்க்கை: மலச்சிக்கல் உள்ள இரண்டு பேர், எல்லாம் சரியாகக் குடித்தும் சுத்தமாகவில்லை என்று எழுதியிருந்தார்கள். தேதி வாங்கும்போதே மலச்சிக்கல் உண்டு என்று சொல்லிவிடுங்கள். அதற்கென்று சில நாள் முன்பிருந்தே இளக்கும் மருந்து கொடுப்பார்கள். பரிசோதனை முடிந்து இரண்டு மூன்று நாள் மலமே போகவில்லை என்று ஒருவர் பயந்திருந்தார். வயிறு காலி, வருவதற்கு ஒன்றும் இல்லை. நான்காவது நாள் அவருக்குச் சரியாகிவிட்டதாம்.)