மாரியை முதலில் எழுதும் வீட்டுக் கணக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில், களுவாஞ்சிகுடியில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்கு மேசன் வேலை, நாட்கூலி. நான் வீட்டில் தைக்கிறேன். மகன் தரம் 9, மகள் தரம் 5. இந்த நாலு பேருக்கும் நான் எப்படிக் கணக்கு எழுதுகிறேன் என்பதைச் சொல்கிறேன். வீட்டுச் செலவைப் பற்றிச் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்துத்தான் சொல்லித் தருகிறார்கள். 25ஆம் திகதி சம்பளம் வரும், பிரித்து வையுங்கள் என்பார்கள். எங்களுக்கு அப்படி ஒரு திகதி கிடையாது. மேசனுக்கு மழை விட வேண்டும், கடலுக்குப் போகிறவருக்குக் கடல் அடங்க வேண்டும், வெள்ளாமை செய்கிறவருக்கு அறுவடை வர வேண்டும். இப்படிப்பட்ட வீட்டு வருமானத்தை ஒரு முழு வருடமாக விரித்துப் பார்த்தால்தான் அதன் உருவம் தெரியும்.

எனக்கு இது தெரிய வந்தது 2017இல். தையல் மெசின் வாங்க ஒரு குழுக்கடன் எடுத்தேன், 50,000 ரூபாய். வாரம் 1,200 கட்டு, 52 வாரம். பங்குனியில் எடுத்தபோது 1,200 ரூபாய் ஒரு பாரமாகவே தெரியவில்லை. இவருக்கு வாரத்தில் ஐந்து நாள் வேலை இருந்தது. கார்த்திகையில் மழை பிடித்தது. பூச்சு வேலை நின்றது, மணலும் வரவில்லை. வாரக் கட்டு மட்டும் நிற்கவில்லை. மார்கழியில் முதல் கடனைக் கட்ட இரண்டாவது கடன் எடுத்தேன். குழுவில் இருந்த மற்றப் பெண்கள் என் பங்கையும் சேர்த்துக் கட்டிய வாரங்கள் இருக்கின்றன. அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கடைக்குப் போகும் பாதையை மாற்றிக்கொண்டேன். கடன் முழுக்க முடிய 2019 ஆனது.

அந்த மார்கழியில் நான் வீண் செலவு ஒன்றும் செய்யவில்லை. ஆவணியில் கையில் இருந்த காசு மார்கழிக்குரியது என்று தெரியாமல், ஆவணியிலேயே அதைச் சாப்பிட்டிருந்தோம். பிழை அங்கேதான் நடந்தது.

ஆகவே முதல் வேலை இது. 80 பக்கக் கொப்பி ஒன்று எடுங்கள். ஒரு பக்கத்தில் 12 மாதங்களையும் கீழே கீழே எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை ஆகிய நாலையும் முதலில் நிரப்புங்கள். மாரி மழை எங்கள் கரைக்கு வரும் மாதங்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் நேராக, எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்று கைக்கு அடக்கமாக எழுதுங்கள். ஆசையை எழுதக் கூடாது. போன வருடம் எத்தனை நாள் என்று வீட்டுக்காரரோடு இருந்து ஞாபகப்படுத்தி எழுத வேண்டும். அதன் பிறகுதான் நல்ல மாதங்கள்.

எங்கள் பக்கம் இப்படி இருக்கிறது. நாட்கூலி 3,500. மாசி முதல் புரட்டாசி வரை எட்டு மாதமும் 20 நாள் வேலை, மாதம் 70,000. ஐப்பசியில் 15 நாள், 52,500. கார்த்திகையில் 8 நாள், 28,000. மார்கழியில் 6 நாள், 21,000. தையில் 10 நாள், 35,000. கூட்டினால் 6,96,500. என் தையல் சில மாதம் கூடும், சில மாதம் குறையும். வருடத்துக்கு 1,20,000 என்று வைத்திருக்கிறேன். மொத்தம் 8,16,500. இதை 12ஆல் பிரித்தால் 68,000 கிட்ட வரும்.

இந்த 68,000தான் எங்கள் உண்மையான மாத வருமானம். நல்ல மாதத்தில் தையலோடு சேர்த்து 80,000 கையில் வரும்போது அதில் 12,000 எங்களுடையதல்ல. எட்டு மாதம் 12,000 எடுத்து வைத்தால் 96,000. மழை மாதம் நாலிலும் 68,000க்குக் குறைகிற தொகையைக் கூட்டிப் பார்த்தேன்: 95,500. இரண்டும் ஒன்றையொன்று தொட்டதைப் பார்த்த அன்று எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கினது போல இருந்தது. காசு இல்லாத வீடு என்று நினைத்திருந்தேன். காசு இருந்தது, மாதம் மாறி வந்திருந்தது.

அந்த 12,000க்கு எங்கள் வீட்டில் மார்கழிக் காசு என்று பேர். பேர் வைத்தது நல்லதாகப் போயிற்று. ஒரு ஆவணியில் இவர் புதுப் போன் ஒன்று பார்த்துவிட்டு வந்து, "கையில காசு இருக்குத்தானே" என்றார். "இருக்கு, அது மார்கழிக் காசு" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. "மிச்சம் பிடிக்க வேணும்" என்று நான் சொல்லியிருந்தால் அன்று சண்டைதான் வந்திருக்கும்.

அடுத்தது வருடத்தில் ஒருமுறை வரும் செலவுகள். திடீர்ச் செலவு வந்துவிட்டது என்று சொல்கிறோமே, அதில் பாதி திடீரென்று வருவதில்லை. சித்திரைப் புத்தாண்டு சித்திரையில்தான் வரும். தீபாவளி எந்தத் திகதி என்று கலண்டரில் இருக்கிறது. எங்களுடைய பட்டியல்: பள்ளிக்கூடம் தொடங்கும்போது கொப்பி, சப்பாத்து, பை, வகுப்புக் காசு எல்லாம் சேர்த்து இரண்டு பிள்ளைக்கும் 35,000. சித்திரைக்கு 20,000. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, குளிர்த்தி, கோயில் வரி எல்லாம் சேர்த்து 15,000. தீபாவளிக்கு 25,000. மோட்டார்சைக்கிளுக்கு வரிப்பத்திரம், காப்புறுதி, சேவிஸ் 15,000. மாரிக்கு முதல் ஓடு மாற்ற, பீலி திருத்த 10,000. கலியாணம், சாமத்தியம், குடிபூரல் என்று போகும் இடங்களுக்கு 24,000. மொத்தம் 1,44,000, மாதத்துக்கு 12,000. இந்த 12,000 மழை மாதத்திலும் நிற்கக் கூடாது. நின்றால் தையில் பிள்ளைகளின் சப்பாத்துக்குக் காசு இருக்காது.

ஓட்டுக் காசை மட்டும் யாரும் குறைக்க வேண்டாம். ஆவணியில் பத்து ஓடு மாற்றாத வீட்டில் கார்த்திகையில் நெல் மூடை நனையும், பிள்ளைகளின் புத்தகம் நனையும், மெத்தை நனையும்.

மாதம் நடத்த மிஞ்சுவது 56,000. அதில் சாப்பாட்டுக்கு மட்டும் 36,000 கிட்டப் போகிறது. மற்றதெல்லாம் பெட்ரோல், வகுப்பு, கரண்ட், தண்ணீர், காஸ், மருந்து, போன்.

காசை எங்கே வைப்பது என்பது எவ்வளவு வைப்பது என்பதை விடப் பெரிய விசயம். மாதக் காசு வீட்டில் பிஸ்கட் பேணியில் இருக்கிறது, வாரத்துக்கு ஒரு பங்காக மடித்து. வருடச் செலவுக் காசு வங்கிப் புத்தகத்தில். மார்கழிக் காசில் பாதியைத் தபாற்கந்தோரில் தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கில் போடுகிறேன். அதற்குக் காட் எடுக்கவில்லை. புத்தகத்தைக் கொண்டு போய், வரிசையில் நின்று எடுக்க வேண்டும். அந்த வரிசை எனக்குக் காவல்.

மற்றப் பாதி சீட்டில். எட்டுப் பேர், மாதம் 6,000, மாசியில் தொடங்கிப் புரட்டாசியில் முடியும். நான் கடைசிச் சீட்டைக் கேட்டு வாங்குகிறேன். மழைக்கு முதல் 48,000 முழுதாகக் கையில் வருகிறது. கடைசியில் எடுக்கிறவளுக்குத்தான் ஆபத்தும் கூட. முதலில் எடுத்தவர் ஒருவர் நடுவில் நின்றுவிட்டால் இழப்பு என் தலையில் விழும். அதனால்தான் முழுத் தொகையையும் சீட்டில் போடுவதில்லை. எட்டுப் பேரும் எனக்கு வீடு தெரிந்த, குடும்பம் தெரிந்த ஆட்கள். கழிவுச் சீட்டுக்கு நான் போவதில்லை. அவசரத்தில் இருக்கிறவர் கழிவு கொடுத்துக் குறைந்த தொகையை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அவரும் ஒரு காலத்து நான்தான்.

அரிசியைப் பற்றி அம்மா சொல்வது ஒன்று: "மாரிக்கு முதல் விறகும் நெல்லும் உள்ளுக்க இருக்கணும் மகள்." நாலு பேருக்கு மாதம் 28 கிலோ அரிசி எங்களுக்குப் போகிறது. பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால் வெல்லாவெளிப் பக்கம் சொந்தக்காரர் வெள்ளாமை செய்கிறார்கள். பெரும்போக அறுவடை முடியும் பங்குனியில் இரண்டு மூடை, சிறுபோகம் முடியும் ஆவணியில் மூன்று மூடை நெல் வாங்குகிறேன். 100 கிலோ நெல்லைக் குத்தினால் 60 முதல் 65 கிலோ அரிசி வரும். ஆவணியில் வாங்கும் மூன்று மூடை, ஒன்று 65 கிலோ என்றால், 120 கிலோ அரிசிக்குக் கிட்டத் தரும். ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் போதும். காசு வருடச் செலவுக் கணக்கில் இருந்து எடுக்கிறேன். பிறகு மாதா மாதம் அரிசிக்கு ஒதுக்கியதை அங்கேயே திருப்பிப் போடுகிறேன். வாங்கும்போது ஒரு நெல்லைக் கடித்துப் பாருங்கள். நொறுக்கென்று உடைய வேண்டும். நசிந்தால் ஈரம், இரண்டு நாள் வெயிலில் காயப் போடாமல் மூடை கட்டக் கூடாது. மூடையைப் பலகையில், சுவரில் முட்டாமல் வையுங்கள். மாதத்துக்கு ஒரு மூடைக்குக் கொஞ்சம் குறைவாக அவித்துக் குத்தினால் போதும். தவிடு கோழிக்கு.

அப்படியே வெயில் காலத்தில் கூனியும் கொஞ்சம் கருவாடும் காயவைத்துப் போத்தலில் எடுத்து வைத்தால், கடல் கொந்தளிக்கும் நாளில் மீன் விலை கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. முருங்கை முற்றத்தில் நிற்கிறது.

கொப்பியில் எழுதும்போது ரூபாயோடு அளவையும் எழுதுங்கள். சீனி எவ்வளவு ரூபாய் என்று மட்டும் எழுதினால் அடுத்த வருடம் அந்தப் பக்கம் பயன்படாது. 2022இல் எனக்கு அது தெளிவாகப் புரிந்தது. அந்தப் புரட்டாசியில் (செப்டெம்பர்) கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். என் பழைய ரூபாய்க் கணக்கு எல்லாம் பிழைத்துப் போயிற்று. மாதம் சீனி 4 கிலோ, பருப்பு 3 கிலோ, தேங்காய் 30 என்று எழுதியிருந்த பக்கம் மட்டும் நின்றது. சீனியை 2 கிலோவுக்கு இறக்கினோம், தேங்காயை 20க்கு. எதை எவ்வளவு குறைத்தால் வீடு தாங்கும் என்று அந்தப் பக்கம்தான் சொன்னது.

கரண்டுக்கு ஒரே ஒரு எண்ணை ஞாபகம் வைத்தால் போதும்: மாதம் 60 அலகு. அதற்குள் நின்றால் குறைந்த விலை. தாண்டினால் முதல் அலகில் இருந்தே கூடிய விலை, நிலையான கட்டணமும் கூடும். அதாவது 62 அலகு என்றால் அந்த இரண்டு அலகுக்கு மட்டும் காசு கூடுகிறது என்று நினைக்கக் கூடாது. நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீற்றரைப் பார்த்து எழுதுகிறேன். வாரத்துக்கு 14க்குள் நின்றால் சரி. கூடிவிட்டால் அடுத்த வாரம் அயன் ஒரே நாளில், மகனின் சட்டையும் தைத்த உடுப்பும் சேர்த்து. காஸ் சிலிண்டரில் மாற்றிய திகதியை சோக்கால் எழுதி வைக்கிறேன். சோறு விறகில், கறி காஸில்.

இனி கடன். கடனே எடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் ஐப்பசியில் விதைப்புக்கு நகை வங்கிக்குப் போகும், அறுவடைக்குப் பிறகு திரும்பி வரும், அப்படித்தான் வெள்ளாமை நடக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டு எடுங்கள். என் 50,000க்கு நான் கட்டியது 62,400. வட்டி 25 வீதத்துக்குள் என்று நினைத்திருந்தேன். பாதி வருடம் போனபோது எடுத்த முதலின் பாதியை ஏற்கெனவே திருப்பிக் கொடுத்திருந்தேன். வட்டி மட்டும் முழு 50,000க்கும் ஓடியது. வருடம் முழுக்கச் சராசரியாக என் கையில் இருந்தது 25,000 கிட்டத்தான். அதற்கு 12,400 வட்டி. உண்மையில் 40 வீதத்தைத் தாண்டிய வட்டி அது. எனவே "வட்டி குறையும் மீதிக்கா, எடுத்த முழுத் தொகைக்கா?" என்று கேளுங்கள். எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கட்டை உங்கள் மார்கழி வரிசையில் வைத்துப் பாருங்கள். ஆவணியில் கட்ட முடிவது கணக்கில்லை. மார்கழியில் கட்ட முடியுமா?

ஏற்கெனவே கடனில் இருக்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: மிச்சம் எவ்வளவு, கட்டு எவ்வளவு, கடைசிக் கட்டு எந்த மாதம். கடைக் கொப்பியில் இருக்கும் பாக்கியும், மச்சாளிடம் வாங்கிய கைமாற்றும் அதில் வர வேண்டும். வட்டி கூடியதை முதலில் முடியுங்கள். ஒன்று முடிந்தால் அந்தக் கட்டை வீட்டுச் செலவுக்கு விடாமல் அடுத்த கடனில் ஏற்றுங்கள். நான் இரண்டு வருடம் இரவில் பை தைத்து அப்படித்தான் முடித்தேன். முதலில் குழுப் பெண்களின் காசைக் கொடுத்தேன். அதற்கு வட்டி இல்லை, ஆனாலும் அதைத்தான் முதலில் கொடுத்தேன்.

கணக்கைப் பிள்ளைகளுக்கும் காட்டுகிறோம். மகன்தான் இப்போது கூட்டிக் கழிக்கிறான்.

தை கடைசி வாரம் கொப்பியை எடுத்து, எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். போன மார்கழிக்கு 6 நாள் வேலை என்று எழுதியிருந்தோம், கிடைத்தது 4 நாள். 7,000 ரூபாய் குறைந்தது. இந்த முறை 4 என்றே எழுதியிருக்கிறோம். அதற்காக மார்கழிக் காசு நல்ல மாதங்களில் 12,900 ஆகியிருக்கிறது. அந்த 900 எங்கே இருந்து வரும் என்று மூன்று பேரும் யோசித்துக்கொண்டு இருக்க, இவர்தான் தன் கடைத் தேத்தண்ணியைச் சொன்னார். இப்போது காலையில் போத்தலில் ஊற்றிக் கொடுத்துவிடுகிறேன், இஞ்சி கொஞ்சம் தட்டிப் போட்டு.