ஹெட்போன் ஜாக் பழுதா? முதலில் ஊக்கைக் கீழே வையுங்கள்

நிலாவெளியிலிருந்து ஓர் ஐயா திருகோணமலை உவர்மலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனைத் திருத்தக் கொண்டுவந்தார். கடலுக்குப் போகிறவர். "தம்பி, ஒரு பக்கம்தான் சத்தம் வந்தது. ஊக்கால ஒருக்கா கிண்டினேன். இப்ப ரெண்டு பக்கமும் இல்ல" என்றார். டோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த ஸ்பிரிங் தகடு ஒன்று மடங்கிச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அவர் எடுக்க நினைத்த பஞ்சு அடியில் அப்படியே இருந்தது.

என்னிடம் வரும் ஜாக் பழுதுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். தானாகக் கெட்டது கொஞ்சம், திருத்தப் போய்க் கெட்டது நிறைய. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜாக்கைத் தொடுவதற்கு முன்பே ஒரு தவறு நடந்துவிடுகிறது. ஜாக்தான் பழுது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். வீட்டில் இருக்கும் வேறொரு ஹெட்செட்டை இதே போனில் செருகிப் பாருங்கள். உங்கள் ஹெட்செட்டை இன்னொருவர் போனில் செருகிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பெரும்பாலும் ஹெட்செட்டின் பின்னுக்கு, அதாவது ஜாக்கில் செருகும் முனைக்கு, பக்கத்தில் வயர் உள்ளே அறுந்திருக்கும். வயரைப் போனைச் சுற்றிக் கட்டிப் பையில் வைப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவு என்றால் செட்டிங்ஸில் இடது-வலது சமநிலை ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ப்ளூடூத்தை நிறுத்திவிட்டு, போனை ஒருமுறை அணைத்துப் போட்டும் பாருங்கள்.

இன்னொரு அறிகுறி பலரைக் குழப்பும். பாட்டில் இசை மட்டும் கேட்கும்; பாடகர் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும், அல்லது குரலே இருக்காது. மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும். பின்னை உற்றுப் பாருங்கள், கறுப்பு வளையங்கள் அதை நான்கு துண்டாகப் பிரித்திருக்கும். இப்போதைய போன்களில் நுனி இடது காது, அடுத்தது வலது காது, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் (மின்சாரம் திரும்பிப் போகும் பாதை), கடைசி மைக். இந்தக் கிரவுண்ட் சரியாகத் தொடாவிட்டால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். பாடகரின் குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடும். காரணம் இரண்டில் ஒன்று: அடியில் அழுக்கு இறுகியிருப்பதால் பின் கடைசிவரை இறங்கவில்லை, அல்லது அது கிரவுண்டும் மைக்கும் இடம் மாறியிருக்கும் பழைய வகை ஹெட்செட். இரண்டாவது என்றால் போனில் பழுதே இல்லை.

சரி, அழுக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. அடுத்து ஊக்கு, ஊசி, ஹேர்பின், சிம் தட்டு எடுக்கும் கம்பி என்று கைக்கு வந்ததை ஜாக்குக்குள் விடுகிறோம். ஜாக்கின் சுவரில் மெல்லிய ஸ்பிரிங் தகடுகள் இருக்கின்றன. சிலவற்றில் பின் உள்ளே வந்ததா என்று போனுக்குச் சொல்லும் சிறு சுவிட்சும் இருக்கும். இரும்பு பட்டால் தகடு மடங்கும், முலாம் உரியும். போன் இயங்கிக்கொண்டிருந்தால் ஷார்ட் ஆகவும் கூடும். போனை முழுதாக அணைத்துவிட்டு, பல் குத்தும் குச்சியையோ நன்றாகக் காய்ந்த புது ஈர்க்கையோ மெல்லச் சீவி எடுங்கள். ஜாக்கின் வாய் கீழே பார்க்கட்டும். சுவரில் உரசாமல் நடுவாக இறக்கி, அடியில் இருக்கும் பஞ்சை மெல்லச் சுழற்றித் தளர்த்துங்கள். குத்தக் கூடாது, குச்சி உள்ளே முறிந்தால் புதுத் தலைவலி. பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் சின்னத் தூரிகையும் நல்லது, ஆனால் அதன் நடுவில் கம்பி உண்டு, முனையைக் கவனியுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி அநேகமாக உள்ளேயே போகாது. போனாலும் இன்னும் பஞ்சைத்தான் விட்டுவரும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும்.

எங்கள் ஊரில் பஞ்சை விடப் பெரிய பகை உப்பு. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். காற்றிலேயே உப்பு இருக்கிறது. மாரி காலத்தில் குசினியில் உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். ஜாக்குக்குள் படிந்த உப்பும் அப்படித்தான் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் தகடுகளை இணைத்துவிட்டால், எதுவும் செருகாமலே மேலே ஹெட்போன் படம் தெரியும், ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஹெட்செட் இருப்பதாக நம்பிய போன் மைக்குக்கான சிறு மின்னழுத்தத்தையும் கொடுக்கும். உப்பு ஈரத்தில் மின்சாரம் ஓடினால் தகடு அரித்துப் பச்சை பிடிக்கும். உப்புவெளிக் கடலில் குளித்துவிட்டு ஈரக் கையால் ஹெட்செட் செருகுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தண்ணீர் புகாது என்று விற்கும் போன்களையும் நல்ல தண்ணீரில்தான் சோதிக்கிறார்கள், கடல் தண்ணீரில் அல்ல.

கடலில் விழுந்த போனை அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் எப்படித்தான் வந்ததோ! அரிசி உப்பை எடுக்காது. அதன் தூளும் குறுநொய்யும் ஜாக்குக்குள் போய் இன்னும் அடைக்கும். வெயிலில் காயவைப்பதும் ஹேர்டிரையர் பிடிப்பதும் பேட்டரிக்கும் பசைக்கும் கேடு. உடனே போனை அணையுங்கள், சார்ஜில் போடாதீர்கள், வெளியே துடைத்து அன்றைக்கே திருத்துகிறவரிடம் கொடுங்கள். அவர் திறந்து, வடித்த தண்ணீரால் உப்பைக் கழுவி, பிறகு ஆல்கஹாலால் ஈரத்தை எடுத்தால்தான் சரிவரும்.

லேசான கறைக்கு வீட்டிலேயே ஐசோபுரோப்பில் ஆல்கஹால் போதும், 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. ஊற்றாதீர்கள். தூரிகையில் ஒரு துளி எடுத்து, பிழிந்து, உள்ளே சுழற்றி, நன்றாக உலர விட்டுப் போனைப் போடுங்கள். அதற்குப் பதிலாக வேறெதுவும் வேண்டாம். ஓடிக்கொலோனில் தண்ணீரும் வாசனை எண்ணெயும் இருக்கும். பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றிலும் எண்ணெய் உண்டு. சானிட்டைசரில் கிளிசரின் இருக்கும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எல்லாம் உள்ளே ஒரு படலத்தை விட்டுப்போகும், அதில் தூசி ஒட்டும்.

பின்னின் நுனி உள்ளே முறிந்துவிட்டால் குச்சியில் சூப்பர் குளூ தடவி இழுக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. ஒரு சொட்டு சுவரில் பட்டால் முறிந்த நுனியும் ஜாக்கும் ஒன்றாகிவிடும். இதைக் கடைக்காரரிடம் விடுங்கள்.

போனைத் திறக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சில போன்களில் ஜாக் கீழே சார்ஜர் வாயோடு சேர்ந்த சின்ன சர்க்கிட் பலகையில் இருக்கும், சிலவற்றில் தனியாகக் கழற்றலாம், சிலவற்றில் தாய்ப்பலகையிலேயே (மதர்போர்ட்) பற்றவைத்திருக்கும். உங்கள் மாடலில் எது என்று தெரியாமல் கைவைக்காதீர்கள். மூன்றாவது வகை வீட்டு வேலையே அல்ல. தடித்த சோல்டரிங் இரும்பு பலகையிலிருக்கும் செப்புத் தடத்தையே உரித்துவிடும். மற்ற இரண்டில் என்னை அதிகம் பயமுறுத்துவது பேட்டரி. இரும்புத் தகட்டால் நெம்பும்போது பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கலாம். உள்ளே போனதும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. அப்புறம், ஆணிகளின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. ஒரு தாளில் போனின் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே வையுங்கள். நீளமான ஆணி தவறான துளையில் இறங்கினால் பலகையைக் குத்திவிடும்.

இதெல்லாம் எதற்கு, சார்ஜர் வாயில் ஹெட்செட்டைச் செருக உதவும் டைப்-சி அடாப்டர் வாங்கிவிடலாமே என்றால், வாங்கலாம். ஆனால் அடாப்டரில் இரண்டு வகை. ஒன்றில் வெறும் வயர், அது சில போன்களில் மட்டுமே வேலை செய்யும். மற்றதில் டாக் (DAC) என்ற, டிஜிட்டல் தகவலை ஒலி சிக்னலாக மாற்றும் சிறு சிப் இருக்கும், அது பெரும்பாலான போன்களுக்குப் பொருந்தும். கடையிலேயே உங்கள் போனில் செருகிக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

ஐயாவுக்கு அதுவும் சரிவராது. எஃப்எம் ரேடியோவுக்கு ஹெட்செட் வயர்தான் அண்டெனா. ப்ளூடூத்தில் அது இல்லை, டாக் அடாப்டரிலும் அநேகமாகக் கிடைக்காது. டேட்டா இல்லாத இடத்திலும் காலநிலைச் செய்தி கேட்க அவருக்கு ஜாக்தான் வேண்டும். நல்லவேளை, அவர் போனில் ஜாக் சின்னப் பலகையில் இருந்தது. மாற்றிக் கொடுத்தேன். வாசலிலேயே நின்று வயரைச் செருகி அலைவரிசை தேடினார். இரண்டு காதிலும் கேட்கிறதா என்றேன். தலையாட்டிவிட்டு, செய்தி முடியும்வரை அங்கேயே நின்றார்.