சுவரைப் பிடித்தே நடக்காதீர்கள்: மன அதிர்ச்சிக்குப் பின் வரும் தலைச்சுற்றலும் நாம் செய்யும் தவறுகளும்

விபத்தோ தாக்குதலோ பேரிடரோ நடந்து மாதங்கள் ஆகியிருக்கும். திடீரென்று ஒருநாள் தரை ஆடுவது போலிருக்கும். காதைப் பார்த்தாயிற்று, ஸ்கேனும் எடுத்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது. "ஒண்ணுமில்ல, மனப்பிரமை" என்று சுற்றியிருப்பவர்கள் முடித்துவிடுவார்கள். பாதிக்கப்பட்டவரும் அதை நம்பிவிடுவதுதான் பெரிய தவறு. உள்காது அனுப்பும் சமநிலைச் செய்தியை வாங்கும் மூளைத்தண்டுப் பகுதிக்கும், ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலாவுக்கும் இடையே நரம்புப் பாதைகள் உண்டு. ஓயாமல் விழிப்பில் இருக்கும் உடலுக்குச் சின்ன அசைவும் பெரிதாகத் தெரிகிறது. ஸ்கேனில் தெரியாததால் அது பொய்யாகிவிடாது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: எல்லாவற்றுக்கும் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு)தான் காரணம் என்று விட்டுவிடுவது. அதே விபத்தில் தலையில் அடிபட்டிருந்தால் உள்காதின் நுண்கற்கள் இடம் மாறியிருக்கலாம். படுக்கையில் புரளும்போது அறையே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் அந்தச் சந்தேகம் வரவேண்டும். எப்லி என்ற தலை திருப்பும் முறையில் பலருக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிவிடும். எழுந்து நின்றதும் கண் இருட்டினால் ரத்த அழுத்தத்தைப் படுத்தபடி ஒரு முறையும், நின்ற 3 நிமிடத்துக்குள் இன்னொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால் மருத்துவர் கவனிக்க வேண்டியது. கெட்ட கனவுகளுக்குத் தரும் பிரசோசின் இப்படிச் செய்யக்கூடும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினாலும் தலை சுற்றும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"நல்லா ஆழமா மூச்சை இழு" என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல்தான் மூச்சு வாங்குகிறார். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, தலை லேசாகி, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன. இன்னும் இழுத்தால் இன்னும் சுற்றும். இழுப்பதைச் சிறிதாக்கி, விடுவதை நீளமாக்க வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது தற்காப்பைப் பற்றித்தான். ஒருவர் நடைகூடத்தில் நடப்பதைப் பாருங்கள்: ஒரு கை சுவரில், கண் தரையில், கழுத்து விறைத்திருக்கும். யாராவது கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பாது, பலகை போல உடம்பு மொத்தமும் திரும்பும். விழாமல் இருக்கத்தான் செய்கிறார். ஆனால் அசைவே கிடைக்காத மூளை அசைவுக்குப் பழகுவது எப்படி? கூட்டம், வரிசை வரிசையாகப் பொருள் அடுக்கிய பெரிய கடை என்று ஒவ்வொன்றாகத் தவிர்க்க, உலகம் சுருங்கிக்கொண்டே போகும். பெரும்பாலான நாட்களில் 3 மாதத்துக்கும் மேலாக இப்படி நீடித்து, நிற்கும்போதும் அசையும்போதும் கூடினால், அதற்கென்றே ஒரு நோய்ப்பெயர் இருக்கிறது. மருத்துவர்கள் பி.பி.பி.டி. (விடாமல் தொடரும் ஒருவகைத் தலைச்சுற்றல்) என்பார்கள். 2017-ல் அதற்கான வரையறை வெளியானது.

இதற்குச் சமநிலைப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டிடம் போகலாம். முதல் வாரங்களில் பயிற்சியே கொஞ்சம் கிறுகிறுப்பைக் கிளப்பும், பயந்து அதோடு விட்டுவிடுகிறவர்கள் நிறைய. தலைச்சுற்றலை அடக்கும் சின்னராசின், புரோகுளோர்பெராசின் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவதும் இதே கணக்குத்தான். முதல் சில நாள் கொந்தளிப்புக்கு அவை சரி, நீண்டால் மூளை தன்னைச் சரிசெய்துகொள்வது தாமதமாகும்.

பயிற்சியாளரிடம் நடந்ததைச் சொல்லாமல் மறைப்பதும் சிக்கலில் கொண்டுபோய் விடும். கண்ணை மூடி நிற்கச் சொல்வார்கள், பின்னால் நின்று தலையைப் பிடித்துச் சட்டென்று சாய்ப்பார்கள். தாக்குதலுக்கு ஆளானவருக்கு அந்த ஒரு பிடி போதும், மொத்தமும் திரும்ப வந்துவிடும். விவரம் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. "தொடுவதற்கு முன் சொல்லுங்கள், முதலில் கண்ணைத் திறந்தபடியே செய்கிறேன்" என்றால் போதும். கூடவே அதிர்ச்சிக்கான மனநலச் சிகிச்சையும் நடக்கட்டும், ஒன்று முடியட்டும் என்று மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிதல், ஒருபக்கம் பலமின்மை, இதுவரை வராத கடுமையான தலைவலி, நிற்கவே முடியாத தள்ளாட்டம் இவற்றில் எது வந்தாலும் "வழக்கமான படபடப்புதான்" என்று படுத்துவிடாமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.